கல்யாண வீடு, சாமத்திய வீடு (பூப்பு நீராட்டு விழா) ஓடர் எல்லாம் வட்ஸ்அப் குழுவுக்குள் சிக்கிக் கிடக்கிறது, நீங்கள் எல்லாம் எதைப் பாவிக்கிறீர்கள்?

கல்லடிப் பிள்ளை:

வணக்கம். நானும் அக்காவும் மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து விழா ஒழுங்கு செய்து கொடுக்கிற வேலை செய்கிறோம். சோடனை மட்டும் என்றுதான் தொடங்கினோம், இப்போது மண்டபம் பிடிப்பது, மணவறை, சாப்பாடு, சவுண்ட்ஸ், கமரா, ஐயருக்கு வான் அனுப்புவது வரை எல்லாவற்றையும் எங்களிடமே கேட்கிறார்கள். ஓடரில் பெரும்பகுதி வெளிநாட்டில் இருக்கிற குடும்பங்கள். கனடா, லண்டன், சுவிஸ் என்று இருப்பார்கள், இரண்டு மூன்று கிழமை லீவில் வந்து சாமத்திய வீட்டையோ கல்யாணத்தையோ முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள், அதனால் முழு ஏற்பாடும் போனில்தான் நடக்கிறது.

சிக்கல் இதுதான். ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு வட்ஸ்அப் குழு. பெண்ணின் அம்மா ஒரு நிறம் சொல்வார், சித்தி வேறு படம் போடுவார், மாப்பிள்ளை வீட்டில் இருந்து எங்களுக்கு நடுச்சாமத்தில் நீளமாக ஒரு குரல் பதிவு வரும். ஆட்தொகை 350 என்று இருந்தது எந்த இடத்தில் 420 ஆனது என்று மேலே மேலே தள்ளித் தேடி எடுப்பதற்குள் சமையல்காரர் திரும்பவும் கோல் எடுத்துவிடுவார். பேஸ்புக் பக்கமும் இருக்கிறது. படம் போட்டால் லைக் நிறைய வரும், இன்பொக்சில் "எவ்வளவு?" என்று ஒரே ஒரு சொல் வரும், பதில் போட்டால் ஆளைக் காணோம். டிக்டொக்கில் தினமும் போடு என்கிறார்கள், மாதக் கட்டணத்துக்கு ஏதோ மென்பொருள் வாங்கு என்றும் ஒருவர் நிற்கிறார். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்க முன்னம் இதை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். தொழிலில் இருக்கிறவர்கள் எது உண்மையில் உதவுகிறது என்று சொல்லுங்கள்.

களுவாஞ்சிகுடி அக்கா:

தங்கச்சி, மென்பொருள் இப்போதைக்கு வாங்க வேண்டாம். வட்ஸ்அப்பை விடவும் ஏலாது, வாடிக்கையாளரும் அங்கேதான், ஐயரும் அங்கேதான், வாழைமரம் கொண்டுவந்து கட்டுகிற தம்பியும் அங்கேதான். கதை எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும், முடிவை எழுதி வைக்கிற இடம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அது குழுவாக இருக்கக் கூடாது.

நான் ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு கூகுள் சீட் திறப்பேன். என்ன பொருள், யார் செய்கிறார், என்ன முடிவு, அதைச் சொன்னது யார், எந்தத் திகதி, முழுத் தொகை, கொடுத்த அட்வான்ஸ், மிச்சம். அவ்வளவுதான், அழகுபடுத்தத் தேவையில்லை. "சொன்னது யார்" என்கிற அந்த ஒரு நிரலை மட்டும் விட்டுவிடாதீர்கள், கடைசி நாளில் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் இடையில் நின்று பேச்சு வாங்காமல் காப்பாற்றுவது அதுதான். முதல் கதையிலேயே குடும்பத்தில் இறுதி முடிவு சொல்கிற ஆள் யார் என்று கேட்டு ஒருவரின் பெயரை எடுத்துவிடுவேன். அவருக்குச் சீட்டைப் பார்க்க மட்டும் அனுமதி, திருத்துகிற அனுமதி எனக்கும் என்னோடு நிற்கிற பிள்ளைக்கும். எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார்கள் என்று பதிப்பு வரலாற்றில் பார்க்கலாம், அதனால் 350 எப்போது 420 ஆனது என்கிற உங்கள் கேள்விக்கு அங்கே நேரடியாகவே பதில் இருக்கும். விழாவுக்கு முதல் நாள் இரவு போனில் அந்தக் கோப்பை இணையம் இல்லாமலும் திறக்கிற மாதிரி எடுத்து வையுங்கள். நிறைந்த மண்டபத்துக்குள் சிக்னலை நம்ப முடியாது.

குரல் பதிவுக்கு ஒரு வழி. கேட்டு முடித்ததும் ஒரே வரியில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். "மணவறைப் பின்பக்கம் வெள்ளையும் பச்சையும், செயற்கைப் பூ வேண்டாம், சரியா?" அவர் "ஓம்" என்று எழுதினால் சீட்டுக்குப் போகும். கட்டைவிரல் அடையாளம் போட்டால் நான் எடுப்பதில்லை, பார்த்தேன் என்கிறாரா சம்மதம் என்கிறாரா என்று பிறகு வாதம் வரும். நிறம், மணவறை மாதிரி என்று பல பேர் சேர்ந்து தெரிய வேண்டியதற்குக் குழுவிலேயே வாக்கெடுப்பு வைக்கிற வசதி இருக்கிறது, அதைப் போட்டு நாளைக்கு மாலை வரைதான் என்று சொல்லிவிடுங்கள்.

"எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறவர்களை வீணான ஆட்கள் என்று நினைக்காதீர்கள், பாதிப் பேர் உண்மையாகவே விலை தெரியாமல்தான் கேட்கிறார்கள். வட்ஸ்அப் பிஸ்னஸுக்குத் தனி சிம் ஒன்று போடுங்கள். அதில் தயார் பதில் ஒன்றை எழுதி வைக்கலாம். என்ன திகதி, எந்த ஊர், எத்தனை பேர் என்று கேட்டு, சிறிய சோடனை இந்தத் தொகையில் இருந்து தொடங்கும் என்று நேராகத் தொகையையும் போடுங்கள். தொகையைப் பார்த்துப் போகிறவர் எப்படியும் போகிறவர்தான், நிற்கிறவர் கதைக்கத் தயாராக நிற்கிறார். விசாரணை, அட்வான்ஸ் வந்தது, முடிந்தது என்று லேபல் போட்டுப் பிரிக்கிற வசதியும் அதிலேயே இருக்கிறது.

பணத்தில் கவனம். வங்கிச் சிலிப்பின் படம் வந்தவுடன் சந்தோசப்பட வேண்டாம், படத்தில் இலக்கம் மாற்றுவது இப்போது சின்ன வேலை. கணக்கைத் திறந்து பணம் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் திகதியை உறுதி செய்யுங்கள். வெளிநாட்டில் இருந்து வருகிற பணம் சில நேரம் நாட்கணக்கில் இழுபடும், அதுவரைக்கும் திகதி தற்காலிகம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கூகுள் கலண்டர் ஒன்றை நீங்கள் இருவரும் பகிர்ந்து வையுங்கள். அதில் விழாத் திகதி மட்டும் போட்டால் போதாது. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கிற ஊர்களில் கோயில் கதவு திறந்ததில் இருந்து கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும் வரை அந்த ஊர்ப் பெடியன்கள் வேலைக்கு வரமாட்டார்கள், வரச் சொல்லிக் கேட்கவும் கூடாது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கம், திருக்கோவில் கோயில்கள் பக்கம் பந்தலும் சவுண்ட்ஸும் முன்கூட்டியே போய்விடும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஊர்ச் சமையல்காரர்களின் நேரம் மாறும். இதெல்லாம் கலண்டரில் நிறம் பிரித்து இருந்தால், கனடாவில் இருந்து ஒருவர் திகதி கேட்கும்போது அந்த இடத்திலேயே ஏலும் ஏலாது என்று சொல்லலாம். ஐப்பசி கடைசியில் இருந்து தை வரைக்கும் மழை என்பதால் வெளி இடம் கேட்கிறவர்களுக்கு மாற்று மண்டபத்தின் பெயரையும் அதே பதிவில் எழுதி வைப்பேன்.

கல்முனை லைட்காரன்:

அக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் சீட் லிங்கை எங்களுக்கு அனுப்பாதீர்கள். நான் லைட், சவுண்ட்ஸ் கட்டுகிறவன். ஏணியில் நின்றுகொண்டு போனில் சின்ன எழுத்தில் இருக்கிற கட்டங்களை இழுத்து இழுத்துப் பார்க்க முடியாது. என்னோடு வருகிற மூத்தவர் சாதாரண பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், அவர் இல்லாமல் ஜெனரேட்டர் வேலை நடக்காது.

எங்களுக்கு வேண்டியது ஒரு பக்கம். முதல் நாள் பின்னேரம் ஒரு படமாக அனுப்புங்கள், முடிந்தால் ஒரு தாளில் அச்செடுத்து மண்டபக் கதவில் ஒட்டுங்கள். லொறி எத்தனை மணிக்கு உள்ளே வரலாம், எந்தப் பக்கக் கேட், கரண்ட் எங்கே இருந்து எடுப்பது, மைக் எத்தனை, நாதஸ்வரம் எந்தப் பக்கம் இருக்கும், எத்தனை மணிக்கு இறக்க வேண்டும், பிரச்சினை வந்தால் யாருக்கு கோல் எடுப்பது. அந்தக் கடைசி இலக்கம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். விழா நாளில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான்.

இடத்துக்கு கூகுள் மெப் புள்ளி அனுப்புவது நல்லது, ஆனால் மண்டபத்தின் பெயரைத் தேடி வருகிறதை அப்படியே அனுப்பாமல் நீங்கள் லொறி வாசலில் நின்று உங்கள் போனில் புள்ளி வைத்து அனுப்புங்கள். வீட்டு விழா என்றால் இன்னும் முக்கியம். உள் ஒழுங்கையில் லொறி திரும்ப இடம் இருக்கிறதா என்று ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பினால் நாங்கள் ஓட்டோவோடு வருவதா லொறியோடு வருவதா என்று முதலே முடிவெடுப்போம். எந்த ஆப்பை விடவும் அந்த அரை நிமிட வீடியோ எனக்குப் பெறுமதி.

காத்தான்குடி நானா:

எல்லோரும் வேலையைப் பற்றிச் சொன்னீர்கள், நான் படம் போடுவதைப் பற்றிச் சொல்கிறேன். இது எனக்கு மனதை உறுத்துகிற விசயம்.

சோடனை செய்கிறவர்களின் பக்கங்களைத் திறந்தால் சாமத்திய வீட்டுப் பிள்ளையின் முகம் பளிச்சென்று தெரிகிற படங்கள், பெயர், ஊர், சில நேரம் பாடசாலைப் பெயரும் சேர்த்து. அது 11, 12 வயதுப் பிள்ளை. பொதுப் பக்கத்தில் போட்ட படத்தை யாரும் எடுத்து எங்கேயும் போடலாம், திருப்பி எடுக்க ஏலாது. பெற்றோர் "போடுங்கோ" என்று சொன்னாலும் நான் முகத்தைப் போடமாட்டேன் தங்கச்சி. நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியிருக்கிறது, அதில் பிள்ளைகள் பற்றிய தரவைத் தனி வகையாக வைத்திருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், அந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து தன் படத்தைப் பார்க்கும் என்று யோசித்தாலே போதும்.

எங்கள் பக்க முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பகுதியில் கமராவே தனி ஆள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான் எடுப்பார்கள். அந்தப் பகுதிக்குள் வேலை செய்கிற உங்கள் ஆட்கள் பின்னணி தெரிய ஒரு செல்பி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாலும் நிலைமை சிக்கலாகிவிடும். ஓடர் எடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள், எந்த இடத்தைப் படம் எடுக்கலாம், எதைப் பக்கத்தில் போடலாம், எப்போது போடலாம் என்று. விழா நடந்துகொண்டிருக்கும்போதே இடத்தையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் யாரும் இல்லை என்று ஊருக்கே அறிவிக்கிற வேலை அது.

விளம்பரத்துக்கு முகம் தேவையே இல்லை. ஆட்கள் வருவதற்கு அரை மணித்தியாலம் முன்னம் எல்லா லைட்டும் போட்டு மண்டபத்தை எடுங்கள். வெறும் தரையில் இருந்து மணவறை எழும்புகிற வரைக்கும் போனை ஒரு மூலையில் ஸ்டாண்டில் வைத்து டைம்லெப்ஸ் எடுத்தால் டிக்டொக்குக்கும் அது, பேஸ்புக்குக்கும் அது. எங்கள் பக்கத்தில் கூடுதலாக ஓடினது அப்படி எடுத்தவைதான். வேலை தெரிய வேண்டும் என்றால் கையைக் காட்டுங்கள், பூக் கட்டுகிற கை, துணி மடிக்கிற கை.

கல்லடிப் பிள்ளை:

அக்கா, நானா, அண்ணன், மிச்சம் நன்றி. பிள்ளைகளின் படத்தை இன்றைக்கே எங்கள் பக்கத்தில் இருந்து இறக்கச் சொல்லி அக்காவிடம் கதைத்துவிட்டேன். முடிவு சொல்கிற ஆள் ஒருவர் என்பதை அடுத்த ஓடரில் இருந்து பிடிக்கிறோம்.

இன்னும் மூன்று விசயம் தெரிய வேண்டும். பேஸ்புக்கில் காசு கட்டி பூஸ்ட் பண்ணுவது பிரயோசனமா? வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லோரும் லைவ் கேட்கிறார்கள், அதைச் சரியாகக் கொடுப்பது எப்படி? அழைப்பிதழ் வாசகத்தை வட்ஸ்அப்பில் தமிழில் அனுப்புகிறார்கள், அச்சகத்தில் கொடுத்தால் சில எழுத்துகள் உடைந்து வருகிறது, இதற்கு என்ன செய்வது?

அக்கரைப்பற்று வீடியோ:

லைவ் என் வேலை, அதனால் அதை நான் சொல்கிறேன்.

முதலில் நேரம். காலை 9 மணி முகூர்த்தம் என்றால் ஆவணியில் டொரொண்டோவில் முதல் நாள் இரவு 11.30, லண்டனில் விடிய 4.30, சுவிசில் 5.30. லிங்க் அனுப்பும்போது ஒவ்வொரு நாட்டு நேரத்தையும் திகதியையும் கிழமையையும் எழுதுங்கள். கனடாக்காரர் தங்கள் திகதியில் பார்க்கலாம் என்று இருந்து தாலிகட்டை விட்டுவிட்டால் அந்தக் கவலைக்கு மருந்து இல்லை. குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் ஒரு மணித்தியாலம் கூடும்.

யூடியூபில் லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்க்கிற மாதிரி, தேடலில் வராமல் போடலாம், குடும்ப விழாவுக்கு அதுதான் சரி. புதுச் சனல் என்றால் லைவ் வசதி திறக்க 24 மணித்தியாலம் வரை எடுக்கும், போனில் இருந்து நேராக விட 50 சந்தாதாரராவது வேண்டும், அதனால் முதல் நாள் இரவு சனல் திறந்தால் வேலைக்கு ஆகாது. பேஸ்புக்கில் 2025 பெப்ரவரியில் இருந்து லைவ் வீடியோவை 30 நாள்தான் வைத்திருக்கிறார்கள், பிறகு அழிந்துவிடும், அங்கே போட்டால் உடனே இறக்கி எடுத்து வையுங்கள்.

இணையம்தான் பெரிய தலையிடி. 720பி தரத்துக்குச் செக்கனுக்கு 4 மெகாபிட் மேலே ஏற வேண்டும், அதுவும் தொடர்ந்து. 3 மணித்தியாலம் ஓடினால் 5 ஜிபிக்கு மேல் டேட்டா போகும். ஒரு கிழமைக்கு முன்னம் அதே மண்டபத்தில் அதே நேரத்துக்குப் போய் வேகம் பார்க்க வேண்டும், பார்க்கும்போது இறங்குகிற வேகத்தைப் பார்க்காமல் ஏறுகிற வேகத்தைப் பாருங்கள். வெறும் மண்டபத்தில் நன்றாக வருகிற சிக்னல் 400 போன் உள்ளே வந்ததும் படுத்துவிடும். இரண்டு வேறு வேறு நிறுவனச் சிம் ரவுட்டரோடு எடுத்துப் போய் ஒன்றை வெளி யன்னலில் வைப்பேன். மண்டபத்தில் பைபர் இணைப்பு இருந்தால் வயரால் எடுப்பதைப் போல எதுவும் இல்லை.

அப்புறம் பாட்டு. சவுண்ட்ஸில் சினிமாப் பாட்டு போட்டால் பதிப்புரிமையில் பிடித்து லைவை நிறுத்தலாம் அல்லது சத்தத்தை எடுத்துவிடலாம். தாலி கட்டுகிற நேரத்தில் நாதஸ்வரமும் மேளமும் நேரடியாக வாசிக்கும்போது அந்தப் பயம் குறைவு. சடங்கு முடியும் வரை ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு வேண்டாம் என்று கல்முனை அண்ணன் மாதிரி ஆட்களிடம் முதலே சொல்லி வையுங்கள்.

ட்ரோன் கேட்பார்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, மட்டக்களப்பில் விமான நிலையம் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அனுமதி உள்ள ஆளைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

களுவாஞ்சிகுடி அக்கா:

பூஸ்ட் கேள்விக்கு நான். பிரயோசனம் இருக்கிறது, ஆனால் லைக் கூட்டுகிற நோக்கத்தில் காசு போடாதீர்கள். பூஸ்ட் பண்ணும்போது மெசேஜ் வர வேண்டும் என்கிற நோக்கத்தைத் தெரிந்து, வட்ஸ்அப்பை இணைத்து, இடத்தை நீங்களே குறியுங்கள். மட்டக்களப்பில் இருக்கிறவர்களுக்கு ஒரு பதிவு, டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களுக்கு வேறு பதிவு. அவர்கள் கோடை லீவுக்குத்தான் வருவார்கள், ரிக்கெட் எடுக்கும்போதே மண்டபமும் பார்ப்பார்கள், ஆகவே சித்திரைக்கு முன்னம் போட வேண்டும். ஆடியில் போட்டால் காசு போனதுதான். மொத்தத் தொகையையும் முடிகிற திகதியையும் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கார்ட்டில் இருந்து எடுத்துக்கொண்டே இருக்கும்.

உள்ளூர் ஓடருக்கு எனக்கு விளம்பரம் பெரிதாக உதவவில்லை. இங்கே ஒரு விழாவுக்கு வந்தவர் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஓடர் கொடுக்கிறார். அதனால் சாப்பாட்டு வாசல் பக்கத்தில் எங்கள் வட்ஸ்அப் க்யூஆர் உள்ள சின்ன அட்டை ஒன்று வைப்பேன், வீட்டாரிடம் கேட்டுவிட்டு. ஆட்தொகைக்குக் கூகுள் படிவம் அனுப்பலாமா என்று பிறகு கேட்பீர்கள், வெளிநாட்டு ஆட்களுக்கு அனுப்புங்கள், நிரப்புவார்கள். ஊரில் வெற்றிலை வைத்துச் சொன்ன வீட்டுக்கு லிங்க் அனுப்பினால் மரியாதைக் குறைவாக எடுப்பார்கள். அந்தக் கணக்கு வீட்டாரோடு இருந்து வீடு வீடாக எண்ணுவதுதான்.

செங்கலடி டிசைன்:

எழுத்து உடைவது பற்றி. வட்ஸ்அப்பில் வருவது யுனிகோட், போனிலும் கணினியிலும் பொதுவாகப் பாவிக்கிற எழுத்துக் குறியீடு. எங்கள் பக்க அச்சகங்களில் இன்னமும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில்தான் பலர் வேலை செய்கிறார்கள், பழைய டிசைன் கோப்புகள் எல்லாம் அதில் இருக்கிறது. யுனிகோட்டை மாற்றிப் போட்டுப் பாவிக்கும்போது "ஸ்ரீ", "க்ஷ" மாதிரி எழுத்துகள் இடம் மாறும், "கொ", "கோ" வகையில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், சில நேரம் "ஞ்சு" வேறு குறியாகிவிடும். பெயர்களில்தான் இது கூட வரும், "ஸ்ரீதரன்", "லக்ஷனா" என்று பெயர் இருக்கிற குடும்பத்துக்குப் போய்ச் சமாதானம் சொல்ல ஏலாது.

கன்வாவில் யுனிகோட் தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன, அதில் நீங்களே அடித்து, அச்சுக்கான பிடிஎப் ஆக எடுத்துக் கொடுங்கள். அச்சகம் அதைத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. அந்தப் பிடிஎப்பை வட்ஸ்அப்பில் டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், மண்டப பேனருக்கு அது கொஞ்சமும் உதவாது. பிறகு வீட்டில் வயது போன ஒருவரிடம் கொடுத்து ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், உறவுமுறை பிழைகளையும் அவர்தான் பிடிப்பார். சரி என்று எழுத்தில் வந்த பிறகுதான் அச்சுக்கு.

கல்லடிப் பிள்ளை:

எல்லாம் எழுதி எடுத்துவிட்டேன். ஆவணியில் முதல் விழா கொக்கட்டிச்சோலைப் பக்கம், வீட்டோடுதான், லண்டனில் இருக்கிற பெண்ணின் மாமா லைவ் கேட்கிறார். அங்கே சிக்னல் எப்படி என்று தெரியாது.

அக்கரைப்பற்று வீடியோ:

கொக்கட்டிச்சோலை இருக்கிற படுவான்கரைப் பக்கம் ஒரு வளவில் நாலு கோடு காட்டும், அடுத்த வளவில் ஒன்றும் வராது, அதனால் மணவறை எந்த மூலையில் வைக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள். அந்த இடத்தில் கதிரை போட்டு, காலை 9 மணிக்கு, இரண்டு சிம்மிலும் ஏறுகிற வேகத்தைப் பார்த்து எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். 4 மெகாபிட்டுக்குக் கீழே என்றால் 480பியில் விடலாம், முகம் தெரியும், சத்தம் கேட்கும், வயதானவர்களுக்கு அது போதும். கமராவில் முழுத் தரத்தில் பதிந்ததை அன்று இரவு ஊருக்குள் வந்து ஏற்றி லிங்க் கொடுத்துவிடலாம். மாமாவிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.